ஆட்டுக்கு எந்தக் கனியுப்புக் கலவை? யாழ்ப்பாணத்தில் ஆடு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடையில் போய் ஆட்டுக்குக் கனியுப்பு வேண்டும் என்றால் மூன்று நாலு விதமான பக்கற்றுகளை எடுத்து வைப்பார்கள். இந்தியாவிலிருந்து வருவதில் 'தாது உப்புக் கலவை' என்று அடித்திருக்கும், சாமான் ஒன்றுதான். எதை வாங்குவது என்று சொல்வதற்கு முன் உங்கள் ஆடு என்ன தின்கிறது, எந்தத் தண்ணீர் குடிக்கிறது, அது மறியா கிடாயா என்று தெரிய வேண்டும். கீழே உள்ள பதில்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அந்தக் காலத்தில் யார் ஆட்டுக்குக் கனியுப்புக் கொடுத்தார்கள்? இப்போது மட்டும் ஏன்?

யாரும் கொடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த ஆடு தின்றது வேறு. வளவைச் சுற்றிக் கதியால் வேலி இருந்தது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை, இடையில் வேம்பு, வாதராணி. கொக்கத்தடியால் வளைத்து நாலு கொப்பு வெட்டிப் போட்டால் ஒரு நேரத் தீன் முடிந்தது. ஒழுங்கையால் அவிழ்த்துக்கொண்டு போனால் வழியில் இன்னும் பத்துச் செடியைக் கடிக்கும். ஒரு மரத்தில் இல்லாதது இன்னொன்றில் கிடைத்துவிடும்.

இப்போது வேலி போய் மதில் வந்துவிட்டது. குழைக்கு ஊர் சுற்ற வேண்டியிருப்பதால் தவிடும் பிண்ணாக்கும் கூடிவிட்டன. சந்தையில் கழித்த கோவா இலையும் வருகிறது. ஆடும் மாறிவிட்டது. ஜமுனாபாரி, சானன் கலப்பு மறிகள் ஊர் ஆட்டைவிடக் கனக்கப் பால் தருகின்றன. ஒரு லீற்றர் ஆட்டுப்பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் கல்சியமும் 1 கிராம் பொஸ்பரசும் போகின்றன. நீங்கள் கறந்து எடுப்பதை ஆடு எங்கிருந்தாவது ஈடு செய்ய வேண்டும்.

ஆகவே, நாலைந்து விதக் குழை தின்று, குட்டிக்கு மட்டும் பால் கொடுக்கிற ஊர் மறி ஒன்றிரண்டுதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் அயடீன் கலந்த உப்பும் இடைக்கிடை கொஞ்சம் கனியுப்பும் காணும். கறவை ஆடு, சினை ஆடு, கொட்டிலிலேயே கட்டி வளர்க்கிற ஆடு, தவிட்டில் கொழுக்க வைக்கிற கிடாய் ஆகியவற்றுக்குத்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் கிணறு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அதிலேயே கல்சியம் கிடைத்துவிடாதா?

கிடைக்கும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கி வருவது, வன்னீர்தான். ஒரு லீற்றரில் 150 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடு ஒரு நாளைக்கு 4 லீற்றர் குடித்தால் உடம்புக்குள் போவது 0.6 கிராம்.

இதைச் சீமைக்கிளுவைக் குழையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 1.2 சதவீதம் கல்சியம். பச்சைக் குழையில் முக்கால்வாசி தண்ணீர் என்று கணக்கிட்டாலும் 2 கிலோ குழையிலிருந்து 6 கிராம் கல்சியம் வருகிறது, கிணறு தருவதைப் போல் பத்து மடங்கு. யாழ்ப்பாணத்து ஆட்டுக்குக் கல்சியம் கொடுப்பது கிணறல்ல, குழை. குழை குறைந்த வீட்டில் கிணற்றை நம்பியிருக்க முடியாது.

அப்படியென்றால் குழை தின்கிற ஆட்டுக்கு எது குறைகிறது?

முதலில் பொஸ்பரஸ். மரக்குழைகளில் கல்சியம் கூட, பொஸ்பரஸ் குறைவு, சீமைக்கிளுவையில் 0.2 சதவீதம் அளவில்தான் இருக்கும். கோடையில் இலை முற்றிக் காய்ந்தால் இன்னும் இறங்கும். அடுத்தது சோடியம், அதாவது சாதாரண உப்பு. இலை தழை எதிலும் அது போதாது. பிறகு செம்பு, நாகம் (துத்தநாகம்), அயடீன், கோபால்ட், செலனியம் போன்ற நுண் கனியங்கள். இவை மில்லிகிராம் கணக்கில்தான் தேவை என்றாலும் குழையை மட்டும் நம்பினால் ஏதாவது ஒன்று குறையலாம்.

அதனால் குழை தின்கிற மறிக்குக் கல்சியம் டொனிக் வாங்கி ஊற்றுவது வீண் செலவு. ஏற்கெனவே கூடிக் கிடப்பதையே கூட்டுகிறீர்கள். அதற்கு வேண்டியது பொஸ்பரசும் நுண் கனியங்களும் உள்ள கலவை.

தவிடும் பிண்ணாக்கும் கூடத் தின்கிற ஆட்டுக்கு?

அங்கே கதை தலைகீழ். அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் ஏறத்தாழ 1.5 சதவீதம், கல்சியமோ 0.1 சதவீதம்தான். ஆட்டின் மொத்தத் தீனில் பொஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கல்சியம் குறைந்தது 1.2 பங்கு இருக்க வேண்டும். 2 பங்கு இருந்தால் நல்லது. தவிடு இதைக் குப்புறக் கவிழ்த்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிடாய்க்கு நாளுக்கு அரைக் கிலோ தவிடும் 1 கிலோ பச்சைக் குழையும் போடுகிறீர்கள். தவிட்டிலிருந்து பொஸ்பரஸ் 7.5 கிராம், கல்சியம் 0.5 கிராம். குழையிலிருந்து கல்சியம் 3 கிராம், பொஸ்பரஸ் 0.5 கிராம். கூட்டினால் கல்சியம் 3.5, பொஸ்பரஸ் 8. இரண்டு மடங்குக்கும் மேல் பிழை. இதில் 10 கிராம் சுண்ணக்கல் தூள் கலந்தால் 3.8 கிராம் கல்சியம் கூடும், அப்போதும் பொஸ்பரஸ்தான் கூடவாக நிற்கும். அதே கிடாய்க்குத் தவிட்டைக் கால் கிலோவாகக் குறைத்து, குழையை 2 கிலோவாகக் கூட்டிப் பாருங்கள். கல்சியம் 6.25, பொஸ்பரஸ் 4.75. ஒரு சதமும் செலவில்லாமல் கணக்கு நேராகிவிட்டது.

பிண்ணாக்கில் எள்ளுப் பிண்ணாக்கு கொஞ்சம் வித்தியாசமானது. அதில் கல்சியம் 2 சதவீதம் அளவில் இருக்கிறது. தேங்காய்ப் பிண்ணாக்கில் அது மிகக் குறைவு. செக்கடி பக்கத்தில் இருந்தால், விலையும் ஒத்துவந்தால், தவிட்டில் ஒரு பங்கை எள்ளுப் பிண்ணாக்காக மாற்றலாம்.

கிடாய்க்கு மூத்திரம் அடைத்துவிட்டது என்கிறார்கள். அதற்கும் கனியுப்புக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. மேலே சொன்ன தவிட்டுக் கணக்கின் விளைவுதான் பெரும்பாலும் இது. கூடிய பொஸ்பரஸ் மூத்திரத்தில் இறங்கி, மகனீசியத்தோடும் அமோனியத்தோடும் சேர்ந்து மணல் போலப் படியும். மறிக்கு மூத்திரக்குழாய் குட்டை, அகலம், வெளியே போய்விடும். கிடாய்க்கு நீளம், வளைவு, நுனியில் புழுவைப் போல மெல்லிய ஒரு பகுதி. அடைப்பது அநேகமாக அங்கேதான். வேள்விக்கோ விற்பனைக்கோ என்று கட்டிவைத்துத் தீன் ஏற்றுகிற கிடாய்களில் இதைக் கூடக் காணலாம். சிறு வயதிலேயே நலமடித்த (விதை நீக்கிய) கிடாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம், குழாய் விரிந்து வளர முன்பே நின்றுவிடுகிறது.

அறிகுறி இதுதான்: முதுகை நீட்டிக்கொண்டு நிற்கும், முக்கும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், துளித்துளியாகப் போகும் அல்லது போகவே போகாது. குறியின் நுனி மயிரைத் தடவிப் பார்த்தால் உப்புப் பரல் போல நெருநெருக்கும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்குகிறவர்கள் உண்டு. அதற்குள் மூத்திரப்பை வெடித்துவிடும். அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டிய விஷயம் இது, நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

வராமல் தடுக்க: தவிட்டைக் குறையுங்கள், குழையைக் கூட்டுங்கள், தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். தீனில் ஒரு சதவீதம் உப்புச் சேர்த்தால் தாகமெடுத்துக் கூடக் குடிக்கும். அப்படியும் தவிடு கூடக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் தவிட்டில் 2 சதவீதம் சுண்ணக்கல் தூள் கலவுங்கள். அமோனியம் குளோரைட் மொத்தத் தீனில் 0.5 சதவீதம் சேர்க்கிற முறையும் உண்டு. அதை வைத்தியர் அளந்து சொன்னால் மட்டும் செய்யுங்கள். இருகல்சியம் பொஸ்பேற்று, அதாவது டி.சி.பி., இந்தக் கிடாய்க்கு வேண்டவே வேண்டாம். அதில் பொஸ்பரஸ் 18 சதவீதம்.

வன்னீர் குடிப்பதால்தான் கல் வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். தவிடு தின்கிற கிடாயில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தீன்வாளி.

பக்கற்றின் பின்பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

படத்தைப் பார்க்காதீர்கள். முன்பக்கத்து ஆட்டுப் படம் மாட்டுக் கலவைக்கும் போடப்படும். பின்பக்கத்தில் ஐந்து வரிகள் போதும்.

கல்சியமும் பொஸ்பரசும்: குழை தின்கிற ஆட்டுக்குப் பொஸ்பரஸ் கல்சியத்தின் பாதிக்குக் குறையாத பக்கற். உதாரணமாகக் கல்சியம் 20, பொஸ்பரஸ் 12 என்று இருந்தால் நல்லது. கல்சியம் 24, பொஸ்பரஸ் 5 என்றால் அது தானியம், தவிடு தின்கிற விலங்குக்கு. செம்பு: கட்டாயம் இருக்க வேண்டும், எவ்வளவு என்று எழுதியும் இருக்க வேண்டும். நாகம்: செம்பைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பது வழக்கம். அயடீன், கோபால்ட், செலனியம்: மூன்றும் பெயர் சொல்லி இருக்கட்டும். உப்பு எத்தனை சதவீதம் என்பது ஐந்தாவது. அது ஏன் என்று கீழே வரும்.

சில கலவை செங்கல் தூள் போலச் சிவப்பாக இருக்கும். 'இரும்புச்சத்து' என்று கடைக்காரர் சொல்வார். அந்த நிறத்துக்கு அநேகமாக இரும்பு ஒக்சைட்டுத்தான் காரணம், உடம்பு அதைப் பெரிதாக உறிஞ்சாது. குழை தின்கிற ஆட்டுக்கு இரும்பு குறைவது அரிது. மாறாக, இரும்பு கூடினால் செம்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சிவப்புக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

எந்த அளவும் எழுதாமல் 'அனைத்துச் சத்துக்களும் அடங்கியது' என்று மட்டும் இருக்கிற பக்கற்றை வைத்துவிட்டு வாருங்கள்.

மாட்டுக்கு வாங்கிய கலவை வீட்டில் இருக்கிறது. ஆட்டுக்கும் கொடுக்கலாமா?

அநேகமாகக் கொடுக்கலாம், ஆனால் செம்புக் கணக்கைப் பார்த்துவிட்டு. 30 கிலோ ஆடு நாளுக்கு ஏறத்தாழ 1 கிலோ உலர் தீன் தின்னும். அதற்கு 10 முதல் 20 மில்லிகிராம் செம்பு போதும், அதில் ஒரு பகுதி குழையிலிருந்தே வருகிறது. பக்கற்றில் செம்பு 0.1 சதவீதம் என்றால் ஒரு கிலோ கலவையில் 1000 மில்லிகிராம். நீங்கள் கொடுக்கும் 10 கிராமில் 10 மில்லிகிராம். பிரச்சினையில்லை. 0.4 சதவீதம் என்றால் அதே 10 கிராமில் 40 மில்லிகிராம். அது நாள்தோறும் போனால் அளவுக்கு மிஞ்சிவிடும்.

செம்பு ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், வெளியில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் கண் மஞ்சளாகி, மூத்திரம் கடுங்கோப்பி நிறத்தில் போகும்போது காப்பாற்றுவது கடினம். தோட்டத்துக்கு வாங்கிய மயில்துத்தத்தை (செப்புச் சல்பேற்று) கிள்ளித் தண்ணீரில் போட்டுக் கொடுக்கிற வைத்தியத்தை இதனால்தான் வேண்டாம் என்கிறோம். செம்பு மருந்து அடித்த முந்திரிகைக் கொடியைக் கத்தரித்து ஆட்டுக்குப் போடுவதும் அதே ஆபத்துத்தான்.

கோழித் தீனும் பன்றிக் கலவையும் வேண்டாம். முட்டைக்கோழித் தீனில் கல்சியம் நாலு சதவீதத்துக்குக் கிட்ட இருக்கும், தானியமும் கூட. ஆட்டு வயிறு அமிலமாகிவிடும்.

ஆடும் செம்மறியும் ஒரே கொட்டிலில் நிற்கின்றன.

அப்படியென்றால் கவனம். செம்மறி செம்பைத் தாங்காது. தீனில் கிலோவுக்கு 15 மில்லிகிராமே செம்மறிக்கு உச்ச எல்லை. ஆட்டுக்கு அது 40. ஆட்டுக்கென்று வாங்கிய கலவையைச் செம்மறி நக்கினால் மெல்ல மெல்லச் செத்துப்போகும். செம்மறிக்கென்று வாங்கியதை ஆட்டுக்குக் கொடுத்தால் ஆட்டுக்குச் செம்பு காணாது. யாழ்ப்பாணச் செம்மறியையும் ஆட்டையும் சேர்த்து வளர்ப்பவர்கள் ஆட்டுக் கலவையைக் கையால் பிண்ணாக்கில் பிசைந்து, தனியாகக் கட்டி, ஒவ்வொரு ஆட்டுக்கும் கொடுப்பதுதான் வழி. பொதுவில் தொங்கவிட வேண்டாம்.

நக்குகிற கட்டி நல்லதா, தூள் நல்லதா?

தூள். கட்டிகள் மாட்டின் சொரசொரத்த நாக்கை நினைத்துச் செய்யப்பட்டவை. ஆட்டு நாக்கு அவ்வளவு கடுமையில்லை; நாள் முழுக்க நக்கினாலும் வேண்டியதை எடுக்காது, சிலது பல்லால் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொள்ளும். வெள்ளைக் கட்டி என்றால் வெறும் உப்பு, அவ்வளவுதான்.

யூரியாவும் மொலாசசும் சேர்த்த கட்டி வேறு விஷயம். அது வைக்கோல் தின்கிற மாட்டுக்கு நல்லது. ஆடு பசியோடு கடித்து விழுங்கினாலோ, மழையில் கரைந்த தண்ணீரைக் குடித்தாலோ யூரியா நஞ்சாகும். குட்டிகள் நிற்கிற இடத்தில் அதை வைக்கவே கூடாது.

தூளை எப்படி, எவ்வளவு வைப்பது?

பக்கற்றில் ஆட்டுக்கென்று அளவு இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு 5 முதல் 10 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி முதல் ஒன்றரை. இரண்டு லீற்றருக்கு மேல் கறக்கிற மறிக்கு 15 கிராம் வரை போகலாம். அடர்தீனைச் சேர்த்துக் கலக்குகிறவர்கள் 100 கிலோவுக்கு 2 கிலோ கனியுப்பு, 1 கிலோ சாதாரண உப்பு என்று கலந்தால் போதும். கூட்டிக் கொட்ட வேண்டாம். முதலில் ஒரு கைப்பிடித் தவிட்டோடு தூளைப் பிசிறி, பிறகு மொத்தத்தில் சேர்த்தால் ஒரே இடத்தில் குவியாது.

ஆடு தானாக எடுக்கட்டும் என்றால் பெரிய சிரட்டை ஒன்றைக் கொட்டில் கப்பில் கட்டுங்கள். ஆட்டின் தாடை உயரத்துக்கு, கொஞ்சம் கழுத்தை நீட்டி எட்டுகிற மாதிரி. அதற்குக் கீழே கட்டினால் அடுத்த நாள் காலை உள்ளே புழுக்கைதான் இருக்கும். புழுக்கை பட்டதை ஆடு தொடாது. கூரை ஒழுக்குக்குத் தள்ளி, இரண்டு நாளுக்குக் காணுமளவு மட்டும் போடுங்கள். கடற்காற்றில் உப்புக் கசிந்து கட்டியாகிவிடும். மிச்சத்தை மூடி இறுகிய பிளாஸ்ரிக் வாளியில் வையுங்கள்.

ஒரு சிறு விஷயம்: உப்புச் சேர்ந்த கலவையைத் தொங்கவிட்டால் பக்கத்தில் வெறும் உப்பையும் வைக்காதீர்கள். ஆடு தேடுவது உப்பு ருசியை. வெறும் உப்புக் கிடைத்தால் கலவையை விட்டுவிடும்.

தீவுப்பகுதியில் இருக்கிறோம். சவர்த் தண்ணீர்தான். கலவையை ஆடு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பார்க்காது. உப்புத்தான் கலவையை நோக்கி ஆட்டை இழுக்கிறது. வேலணையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ குடிக்கிற தண்ணீரிலேயே உப்பு வயிறு நிறையக் கிடைத்தால் சிரட்டைக்கு ஏன் வருகிறது? இப்படியான இடத்தில் உப்புக் குறைந்த, அல்லது உப்பே சேராத கலவையாகப் பார்த்து வாங்கி, பிண்ணாக்கோடு பிசைந்து அளந்து கொடுங்கள். தொங்கவிட்டால் நுண் கனியங்கள் உள்ளே போகாது. நீங்களோ சிரட்டை நிறைய இருக்கிறது, ஆட்டுக்குக் குறையில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

தண்ணீரையும் ஒருக்காப் பரிசோதியுங்கள். கரைந்த உப்புக்களின் மொத்தம் லீற்றருக்கு 3000 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் பயமில்லை. 3000 முதல் 5000 வரை பழகாத ஆட்டுக்குச் சில நாள் கழிச்சல் வரலாம். 5000க்கு மேல் போனால் சினை ஆட்டுக்கும் கறவைக்கும் வேறு தண்ணீர் தேடுங்கள். கோடை முற்ற முற்ற அதே கிணறு இன்னும் சவர்க்கும் என்பதால் மாரியில் எடுத்த கணக்கை ஆவணியில் நம்ப முடியாது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் பசளையால் நைத்திரேற்றுக் கூடியிருப்பது தெரிந்த விஷயம். கனியுப்பு அதற்கு மருந்தல்ல. அப்படியான கிணற்றடியில் நிற்கிற ஆட்டுக்கு வீட்டுக் குடிதண்ணீரைக் கொடுப்பது நல்லது.

சமையல் உப்பே போதாதா?

சோடியத்துக்கும் அயடீனுக்கும் போதும். இலங்கையில் மனிதர் உண்ணும் உப்புக்கு 1990களின் நடுப்பகுதியிலிருந்து அயடீன் சேர்ப்பது சட்டம். உப்பளத்திலிருந்து நேரே வந்த கட்டி உப்பில் அது இருக்காது. அயடீன் உப்பையும் திறந்து வைத்தால், ஈரம் பட்டால் அயடீன் குறைந்துவிடும். செம்பும் நாகமும் பொஸ்பரசும் எந்த உப்பிலும் இல்லை.

கோவா இலை, மரவள்ளி இலை, இப்பில்-இப்பில் போடுகிறேன். குட்டியின் தொண்டையில் வீக்கம் தெரிகிறது.

இந்த மூன்றும் ஒவ்வொரு வழியில் தைரொயிட் சுரப்பியின் வேலையைக் குழப்புகின்றன. மறி சினையாக இருக்கும்போது இவையே பிரதான தீனாக இருந்தால் குட்டி செத்துப் பிறக்கலாம், மயிர் இல்லாமல் அல்லது தொண்டை வீங்கிப் பிறக்கலாம். அயடீன் உள்ள கலவை அல்லது உப்பு இந்த வீடுகளுக்குக் கட்டாயம். இப்பில்-இப்பிலை மொத்தத் தீனில் மூன்றில் ஒன்றுக்குள் வையுங்கள். அதிலுள்ள மிமோசின் மயிரையும் உதிர்க்கும். (இதன் நச்சை உடைக்கிற பக்ரீரியா சில ஊர் ஆடுகளின் வயிற்றில் உண்டு; ஹவாயில் ஆட்டு வயிற்றிலிருந்து எடுத்துத்தான் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் ஆட்டில் அது இருக்கிறதோ இல்லையோ என்று பந்தயம் கட்ட வேண்டாம்.) மரவள்ளி இலையை வெட்டி, வாடவிட்டுப் போடுங்கள், அதில் சயனைட்டும் உண்டு.

ஆனால் எல்லா வீக்கமும் அயடீன் குறைவல்ல. நன்றாகப் பால் குடிக்கிற, துள்ளித் திரிகிற ஒரு மாதக் குட்டியின் தொண்டையில் மெதுமெதுவென்ற வீக்கம் இருந்தால் அது கீழ்க்கழுத்தில் உள்ள தைமஸ் சுரப்பி. வளர வளரத் தானாக வற்றும். வளர்ந்த ஆட்டில் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போலத் தொங்கினால் அது புழுவின் வேலை. மூன்றும் வேறு வேறு விஷயம்.

ஆடு மண் தின்கிறது, மயிர் வெளிறுகிறது, மெலிகிறது. எந்தக் கனியம் குறைகிறது?

கனியத்துக்கு முன் புழுவைப் பாருங்கள். மாரியில் நனைந்த புல்லில் மேய்கிற ஆட்டுக்கு இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு ஏறும். கீழ்க் கண்ணிமையை விரலால் இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் சரி. வெளிறிய ரோசா நிறம் அல்லது வெள்ளை என்றால் புழு மருந்துதான் முதல் வேலை. புழு நிற்கிற வயிற்றுக்கு எந்தக் கனியுப்பும் ஊறாது.

அது சரியாக இருந்தும் அறிகுறி மாறவில்லை என்றால்: கறுப்பு மயிர் செம்பட்டையாகி, வால் நுனி மீன்வால் போலப் பிரிந்தால் செம்பு. அப்படிப்பட்ட தாயின் குட்டி பின்னங்கால் இழுபடப் பிறந்தால் ஏறத்தாழ உறுதி. தோல் தடித்துச் செதில் உதிர்ந்து, குளம்பு வெடித்தால் நாகம். ஆனால் சொறியும் இப்படித்தான் தெரியும், பிரித்துப் பாருங்கள். மண், எலும்பு, துணி, பிளாஸ்ரிக் தின்றால் பொஸ்பரஸ் அல்லது உப்பு. தீன் இருந்தும் தின்னாமல், புழுவும் இல்லாமல் மெலிந்துகொண்டே போனால் கோபால்ட். அதிலிருந்துதான் ஆட்டு வயிற்றுப் பக்ரீரியா விற்றமின் பி12 செய்கிறது. குட்டி விறைத்த காலோடு நடந்து, பால் குடிக்கவும் தெம்பில்லாமல் விழுந்தால் செலனியமும் விற்றமின் ஈயும்.

சினை ஆட்டுக்கு எப்போது கூட்டுவது?

ஆட்டின் சினைக்காலம் 150 நாள். கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி விறுவிறுவென்று வளர்கிறது. அப்போது தொடங்கிக் கூட்டுவதைவிட, கிடாய்க்கு விடுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒழுங்காகக் கொடுத்துவந்தால் செம்பும் அயடீனும் குட்டிக்கு நேரத்துக்குக் கிடைக்கும்.

ஈன்ற கையோடு, அல்லது ஈனுவதற்குச் சில நாள் முன்பு, நல்ல கறவை மறி தள்ளாடி, காது குளிர்ந்து, நடுங்கிப் படுத்தால் இரத்தத்தில் கல்சியம் விழுந்திருக்கலாம். வாயால் தூள் கொடுத்து மீட்க நேரமில்லை, வைத்தியர் ஊசி போட வேண்டும்.

குட்டிக்கு?

பால் குடிக்கிற வரை தாய்க்குக் கொடுப்பதே குட்டிக்குக் கொடுப்பதுதான். குழை கடிக்கத் தொடங்கிய பிறகு ஒரு சிட்டிகை, பால் மறக்கும்போது 2 அல்லது 3 கிராம்.

செலனியம் ஊசி, டொனிக் எல்லாம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

செலனியத்தை நீங்களாகப் போட வேண்டாம். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. செலனியம் உள்ள தூள், செலனியம் உள்ள டொனிக், அதற்கு மேல் ஊசி என்று மூன்றும் சேர்ந்தால் நன்மையைத் தாண்டிவிடும். ஒரு நேரத்தில் ஒரு வழி மட்டும். டொனிக் போத்தல்கள் நோய்ப்பட்டு எழும்புகிற ஆட்டுக்குச் சில நாளுக்கு உதவும். ஆண்டு முழுக்க அதை ஊற்றுவது தூளைவிடக் கனக்கச் செலவு, உள்ளே போகிற கனியமோ குறைவு.

முட்டைக்கோது, சுண்ணாம்பு, சாம்பல்?

முட்டைக்கோதும் சுண்ணக்கல்லும் கிட்டத்தட்ட ஒரே சாமான், 38 சதவீதம் கல்சியம், பொஸ்பரஸ் இல்லை என்றே சொல்லலாம். தவிடு தின்கிற ஆட்டுக்குப் பயன்படும். கோதை அவித்து, காயவிட்டு, மாவாக இடித்துப் போடுங்கள். நீற்றுச் சுண்ணாம்பு வாயைச் சுடும், வேண்டாம். அடுப்புச் சாம்பலில் பொட்டாசியம்தான் கூட. குழையில் அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. எலும்புத்தூள், இறைச்சித்தூள் எதையும் அசை போடுகிற விலங்குக்குக் கொடுக்காதீர்கள், மாட்டுப் பைத்திய நோய் பரவிய வழி அதுதான்.

இரத்தம் எடுத்துப் பார்த்தால் எது குறைகிறது என்று தெரியாதா?

சிலது தெரியும், சிலது ஏமாற்றும். செம்பு ஈரலில் வற்றிய பிறகும் இரத்தத்தில் கொஞ்சக் காலம் சரியாகவே காட்டும். ஆடு செத்தாலோ அறுத்தாலோ எடுக்கிற ஈரல் துண்டு நல்ல சாட்சி. அப்படி ஒன்று கிடைக்கும்போது உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கன்னொருவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கோ பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துக்கோ அனுப்ப முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார். இரண்டு ஆடு வைத்திருப்பவருக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. இருபது முப்பது ஆடு வைத்து, குட்டி தொடர்ந்து சாகிறது என்றால் தேவை.

கொடுக்கத் தொடங்கி எத்தனை நாளில் பலன் தெரியும்?

உப்புக் குறைவென்றால் ஒரு வாரத்தில் மண் தின்பது நிற்கும். பொஸ்பரஸ் என்றால் சில வாரத்தில் தீன் எடுப்பு கூடும். செம்பும் நாகமும் மயிரிலும் குளம்பிலும் தெரிய இரண்டு மூன்று மாதம் வேண்டும், புது மயிர் முளைத்து வர வேண்டுமே. பழைய மயிர் நிறம் மாறாது. தோலை ஒட்டி முளைக்கிற அடிமயிரைப் பிரித்துப் பாருங்கள். அது கறுப்பாக வந்தால் வாங்கிய பக்கற் சரி. மூன்று மாதம் கழித்தும் அடிமயிர் செம்பட்டையாகவே வந்தால் பக்கற்றை மாற்றுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்: இரும்புக் கறை பிடிக்கிற கிணறா, கந்தக நாற்றம் அடிக்கிறதா. இரண்டுமே செம்பைக் கட்டிப்போடும்.